சத்தம் போடாத சுவிட்ச்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது மரிய செல்வம் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னது. நடந்ததும் பட்டப்பகலில்தான். 1984 மே மாதம், பெரம்பலூருக்கு வெளியே இருந்த மைக்ரோவேவ் நிலையத்தில்.

டெலிபோன் பேச்சைக் கோபுரம் விட்டுக் கோபுரம் அனுப்பும் இடம் அது. பேச்சைச் சுமக்கும் மைக்ரோவேவ் அலை, அடுப்பைப்போலச் சுடக்கூடியது, உலோகக் குழாய்களுக்குள் ஓடும். ஒரு குழாயில் கோளாறு வந்தால் அலையை அடுத்த குழாய்க்குத் திருப்ப ஒரு சுவிட்ச் உண்டு. பழையது மோட்டாரில் ஓடும். திரும்பும்போது ‘டக்’ என்று சத்தம் போடும். புதியது டையோடு வைத்தது, அசையும் பாகமே இல்லாத மின்சுவிட்ச். கண் இமைப்பதற்குள் மாற்றிவிடும், மூச்சுக்கூட விடாது. இரண்டில் எது மேல் என்று சோதித்து எழுத வேண்டியவன் மரிய செல்வம். புதியது தேறினால் அவனுக்கு மெட்ராஸில் பதவி உயர்வு.

பிப்ரவரியில் முதல் சோதனை. மெக்கானிக் அய்யம்பெருமாள், அலை இல்லாத குழாயைத் திறந்து, ஈரம் இருக்கிறதா என்று முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டக் கேட்டால் தலையை எடுப்பது அவர் வழக்கம். மரிய செல்வம் அவசரத்தில் குரல் கொடுக்காமலே பட்டனை அமுக்கிவிட்டான். சத்தம் வரவில்லை. அலை வந்தது. அந்த மனிதரின் விழிகள் முட்டை வேகுவதுபோல் வெந்து வெளுத்தன.

விசாரணையில் பாவி கூசாமல் எழுதினான்: ‘கத்திச் சொன்னேன். அவருக்குக் காது மந்தம்.’ பார்வை போன அய்யம்பெருமாளை வேலையை விட்டு, சொந்த ஊரான செட்டிகுளத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மே மாதம் இரண்டாவது சோதனை. அவன் மட்டும்தான் இருந்தான். பழைய சுவிட்ச் மோட்டார் கழற்றி, ஒயர் இல்லாமல் மேஜையில் கிடந்தது.

மணி 1.40. மூலையில் இருந்த ஸ்டூல் குழாய்க்கு முன்னால் வந்திருந்தது. தள்ளி வைத்தான்.

2.05. மூக்குப்பொடி வாசனை... அய்யம்பெருமாள் போடும் அதே பொடி.

“யாரு?”

எழுந்து போய்ப் பார்த்தான். கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

2.17. அலையை மாற்றப் பட்டனில் விரல் வைத்தான்.

டக்.

மேஜைப் பக்கமிருந்து...

விரல் தானாக விலகியது. புதியதில் சத்தம் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பத்து வருடம் பழகிய காது, மாறிவிட்டது என்றது. அலை போய்விட்டது என்று நம்பி, ஈரம் பார்க்கக் குழாயைத் திறந்து குனிந்தான்.

முகத்தில் இதமான சூடு...

அந்தக் குழாயில் அலை இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

அவன் பட்டனை அமுக்கவே இல்லை.

மூன்று நாளில் இரண்டு கண்ணிலும் பார்வை போனது.

“சத்தம் கேட்டுச்சு சார்” என்று விசாரணையில் அழுதான்.

“புதுசுல ஏதுய்யா சத்தம்? காதுல கோளாறா?” என்றார் அதிகாரி. அப்படியே எழுதியும் விட்டார்.

ஒரு மாதம் கழித்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு செட்டிகுளம் போனான். அய்யம்பெருமாளின் காலில் விழ வேண்டும் என்றான். அவர் மனைவி கொளஞ்சியம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

“ஒங்க கண்ணுல அலை பட்ட அன்னிக்கே அவரு போயிட்டாருங்க. விடியக்காலம் உசுரு போச்சு. மத்தியானம் ரெண்டே காலு மணி இருக்கும், பாடைய தூக்குனோம். வாய்க்கட்டு இறுக்கித்தான் கட்டியிருந்துச்சு. இருந்தும் உள்ள நாக்கு ஒரே ஒரு தடவ டக்குன்னுச்சு. தெருவே கேட்டுச்சு.”

கொளஞ்சியம்மாள் அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“ஒங்களுக்கும் கேட்டுச்சாங்க, சார்?”