கருவண்டுக்குக் காத்திருந்த பூசணித் தோட்டம்

பூச்சி கணக்கெடுக்கிற வேலையில் பாதிப் பொழுது குனிந்தே கழியும். மீதி, நாம் மருந்தடிக்க வந்தவர்கள் இல்லை என்று சொல்லிச் சொல்லியே கழியும். ஒருமுறையாவது வெயிலில் நின்று எதையாவது எண்ணியிருந்தால் இந்த முதுகுவலி உங்களுக்கும் தெரிந்திருக்கும். மனிதர்கள் புரட்டிப் போட்ட நிலத்தில் எந்தப் பூச்சி மிஞ்சுகிறது, அது என்ன வேலை செய்கிறது என்று பழவேற்காட்டைச் சுற்றிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஒரே கூட்டம்

லைட்ஹவுஸ் குப்பத்தில் இரண்டு இடங்களில் மணலுக்குள் டம்ளர் புதைத்தேன், ஊர்ந்து வருகிற பூச்சி விழுவதற்காக. அடும்பங்கொடி படர்ந்த மேட்டில் சாணியுருட்டி வண்டு, வேட்டையாடும் வண்டு, சருகு தின்னும் பூச்சி என்று பலவகை விழுந்தன. பாதை போடுவதற்காக பொக்லைன் வழித்த இடத்தில் டம்ளர் நிரம்பியிருந்தது, அத்தனையும் எறும்பு.

பக்கத்தில் கருவாடு காயவைத்த கஸ்தூரி அக்கா எட்டிப் பார்த்தார். "இவ்ளோ கீதே, இன்னாத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு கீறே?" எல்லாம் ஒரே இனம் அக்கா, சாணியைப் புதைக்க ஆளில்லை, மற்ற பூச்சியை அடக்க ஆளில்லை என்றேன். மீனைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்: "அதுவும் சரிதான், ஊர்ல அல்லாரும் மீன் விக்கவே குந்திக்கினா வாங்குறது யாரு?"

விடியற்காலை வேலை

திருப்பாலைவனத்தில் செல்வி அக்காவுக்கு நெல்வயலை ஒட்டிக் கொஞ்சம் பூசணி. எதிரே இருந்த புதர்க்காட்டை மனை போட வழித்து, பட்டுப்போன மரங்களையும் கொளுத்திவிட்டார்கள். பூசணியின் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்கு மகரந்தம் சுமந்த கருவண்டுகள் அந்த மரத் துளைகளில்தான் குடியிருந்தன. அடுத்த பட்டத்தில் பூசணி நன்றாகத்தான் பூத்தது. பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது.

இப்போது விடிந்ததும் அக்காவே ஆண்பூவைக் கிள்ளி ஒவ்வொரு பெண்பூவிலும் தொட்டு வைக்கிறார். ஒருநாள் நானும் கூட நின்று தொட்டேன். "அதுங்க சத்தம் இல்லாம தோட்டத்துல நிக்கவே ஒரு மாதிரி கீது" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "எங்கனா வண்டைப் பாத்தா என் அட்ரஸ் குடும்மா, நான் கொஞ்சம் தூங்கணும்."

காய்ந்த கட்டை

வண்டு குடிவரட்டும் என்று செல்வி அக்காவும் நானும் காய்ந்த முருங்கைக் கட்டையொன்றை வேலியோரம் நட்டோம். அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு பட்டம் முழுக்க ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் வேலையே இல்லாத நாட்களிலும் ஏதாவது காரணம் சொல்லி பொன்னேரியில் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன்.

ஒரு காலையில் வந்தது. கரிய உடம்பு, நீலம் மின்னும் இறக்கை. கட்டையைச் சுற்றியது, பூவுக்குள் இறங்கியது, முதுகெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வந்தது. அந்த ரீங்காரம் கேட்கட்டும் என்று ஏழுமலை ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். வண்டு மனைக்கற்களைத் தாண்டிப் பறந்துவிட்டது. அக்கா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்த அதே ஏழுமலை பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பொறு செல்வி, இடம் பாத்துட்டுப் போயிருக்கு, வூட்ல சொல்லிட்டு வரும்."

பூச்சி பிடிக்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்; நானோ அந்தத் தோட்டத்தில் நிற்கும்போது மட்டும் வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறேன்.