பாய்க்குள் பெசமினோ

சமோவா நாட்டுச் சவாயித் தீவின் சாவோலோ ஊரில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்ய யாரும் பெசமினோவை அழைக்க மாட்டார்கள். ஒருமுறை அழைத்துவிட்டுப் பட்ட பாடு போதும் என்பார்கள். அன்று எல்லோரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்திருந்தார்கள். பெசமினோ ஆண்டவரின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, தன் குடும்பத்துப் பட்டங்களுக்கு வந்து, பாட்டன் ஜெயித்த படகுப் போட்டியையும் சொல்லி ஆமென் போட்டபோது, ஓலைத்தட்டில் இருந்த சுட்ட ஈரப்பலா மொத்தத்தையும் ஒரு பன்றி தின்றுவிட்டு வாசலில் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பேச்சாளர் பரம்பரை. ஊர்த் தலைவர் வாயைத் திறக்காமல் கம்பீரமாக உட்கார்ந்திருக்க, அவருக்காக எழுந்து நின்று, கையில் கோலும் தோளில் தேங்காய்நார்ச் சாமரமுமாகப் பேசுவதுதான் அவர்கள் வேலை. பெசமினோ பக்கத்து ஊர்த் தலைவரிடம் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் ஆண்டவரிடமும் பேசுவார். மரியாதைக்குக் குறைவிருக்காது. ஆனால் இருவரும் ஒரே உயரப் பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

"நீங்க ஆண்டவர்கிட்ட கேக்குறீங்களா, அவருக்கு யோசனை சொல்றீங்களா?" என்று மனைவி சலோமே கேட்பாள்.

"பெரியவங்க பேசுற முறை உனக்குப் புரியாது."

"அவருக்காவது புரியுதா?"

மூத்த மகன் துனாய் மோட்டார் தோணியில் தனியாகச் சூரை மீன் பிடிக்கக் கிளம்பிய காலையிலும் பெசமினோ கடற்கரையில் நின்று ஜெபம் செய்தார். வழக்கமான பட்டங்கள் எல்லாம் ஆயின. பிறகு, அன்று என்ன உற்சாகமோ, குரலை உயர்த்தினார்.

"ஆண்டவரே, இந்தக் கடல் எங்க குடும்பத்துக் கடல். இதோட நெளிவு சுளிவு எங்களுக்கே தெரியும். நீங்க எங்களைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். நீச்சல் தெரியாத மலைப்பக்கத்து ஊர்க்காரங்களைப் பாத்துக்கோங்க."

துனாய் சிரித்துக்கொண்டே மோட்டாரின் கயிற்றை இழுத்தான். கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். சலோமே மட்டும் சிரிக்கவில்லை.

துனாய் அன்று மாலை திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் தேடப் போய் வெறுமனே வந்தன. முந்தின வாரக் காற்றில் தபால் நிலையத்துத் தொலைபேசிக் கம்பி அறுந்து கிடந்ததால் வேறு எங்கும் விசாரிக்க வழியில்லை.

பெசமினோ கோலை எடுத்துக்கொண்டு கடலோரம் போய் நின்றார். பேசத் தொடங்கினார். பையனைத் திருப்பித் தந்தால் இரண்டு பெரிய பன்றிகள் தருவதாகச் சொன்னார். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அதை நான்காக்கினார். பின்னாலிருந்து சலோமேயின் குரல் வந்தது. அழுது அழுது அது கம்மியிருந்தது.

"பன்னி எதுக்கு அவருக்கு? நீங்கதானே கவலைப்பட வேண்டாம்னு சொன்னீங்க? அவர் கேட்டுக்கிட்டார். மலைப்பக்கம் போயிருப்பார்."

அவர் திருப்பிப் பதில் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. சலோமேயே பயந்துபோய் அருகில் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது பெசமினோ மெத்தைக்கு அடியில் விரித்து வைத்திருந்த குடும்பத்து மெல்லிய பாயை உருவினார். பட்டுபோல் மடிகிற, சிவப்புச் சிறகுக் கரை வைத்த பாய். மகள் கல்யாணத்துக்கென்று இருந்தது. ஒரு கட்டு விறகையும் நாலைந்து அடுப்புக் கற்களையும் தூக்கிக்கொண்டார். நேராகத் தேவாலயத்துக்குப் போய், கதவுக்கு எதிரே புல்லில் கால் மடித்து உட்கார்ந்து, விறகையும் கல்லையும் முன்னால் வைத்துவிட்டுப் பாயைத் தலையோடு போர்த்திக் குனிந்துகொண்டார்.

ஒரு வீட்டு வாசலில் இப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் சமோவாவில் சின்னக் குழந்தைக்கும் அர்த்தம் தெரியும். பெரிய குற்றம் செய்தவன் வந்திருக்கிறான். இதோ நான், இதோ விறகு, இதோ கல், வேண்டுமானால் என்னைச் சுட்டுத் தின்னுங்கள் என்கிறான். பாய்க்குள் இருப்பவன் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டுக்காரர் கோபமாக வந்து வெட்டினாலும் வெட்டலாம். மனம் இரங்கி வந்து பாயை விலக்கினால் மன்னித்துவிட்டார் என்று பொருள்.

தேவாலய முற்றம் பெருக்க வந்த பெண்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"பெசமினோ போதகரை என்னவோ பண்ணிட்டார்!"

"என்ன பண்ணினார்?"

"பாய் போடுற அளவுக்குன்னா சின்ன விஷயமா இருக்குமா?"

சூரியன் மேலே வருவதற்குள் அவர் காணிக்கைப் பெட்டியை எடுத்துவிட்டார், போதகரின் சமையல் குடிலைக் கொளுத்திவிட்டார் என்றெல்லாம் ஆகிவிட்டது. குடில் புகைந்துகொண்டுதான் இருந்தது. போதகரின் மனைவி உள்ளே கொக்கோ காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

போதகர் எலிசாரா ஒரு கன்னத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். "பெசமினோ, எனக்கு என்னய்யா செஞ்சே?"

பாய் பேசவில்லை.

"என் பன்னியையா? சொல்லிடு, நான் மன்னிச்சுட்டேன்." குனிந்து பாயின் விளிம்பைப் பிடித்தார்.

பாய் விதியை மீறி முணுமுணுத்தது. "கையை எடுங்க போதகரே. நீங்க வீட்டுக்காரர் இல்ல."

எலிசாரா நிமிர்ந்து தேவாலயத்தைப் பார்த்தார். மெல்ல அவருக்கு விளங்கியது. கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

ஊர்ச் சபையார் கூடிவிட்டார்கள். இதுவரை மனிதனுக்கு மனிதன்தான் பாய் போர்த்தியிருக்கிறான். வீட்டுக்காரர் ஆண்டவர் என்றால் பாயை யார் விலக்குவது?

"நீங்கதானே அவரோட ஆளு? நீங்க எடுங்க" என்றார் உலுங்கியா. அவர் பெசமினோவுக்குப் போட்டிப் பேச்சாளர்.

"நான் எடுத்தா நானே ஆண்டவர்னு ஆயிடும். எனக்கு வேலை போயிடும்" என்றார் எலிசாரா.

"அப்போ வெயில்ல கிடந்து வேகட்டும். வாழ்க்கையில முதல் தடவையா வாயை மூடிட்டு இருக்கான். அதை ஏன் கெடுக்கணும்?" என்று உலுங்கியா சொன்னார். சொல்லிவிட்டுத் தன் மனைவியிடம் தென்னங்கீற்று இரண்டு வாங்கிப் பாய்மேல் நிழலுக்குச் சாய்த்து வைத்தார். போதகரின் மனைவி விறகை ஏக்கத்தோடு பார்த்தாள். அடுப்பு அணைகிற நிலையில் இருந்தது.

பாய்க்குள் பெசமினோவுக்கு மூச்சு முட்டியது. எறும்பு ஒன்று காதுக்குள் போக வழி தேடியது. அடிக்க முடியாது. பழக்கத்தில் ஆண்டவரின் பட்டங்களைச் சொல்லத் தொடங்கினார். மூன்றாவதிலேயே அடுத்தது மறந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக நாக்கில் இருந்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தன் பட்டங்களை நினைத்துப் பார்த்தார். விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பட்டம் எதற்கு என்று தோன்றியது.

பிறகு கண்ணீர் வந்தது. கூடவே குழந்தை பேசுவது போல நாலு வார்த்தைகள் வந்தன. "அப்பா, எனக்குக் கடல் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவன் உங்ககிட்ட இருக்கான். நீங்க பாத்துக்கோங்க." எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யோசனை சொல்லவில்லை. இங்கே கொண்டுவந்து தரவேண்டும் என்றுகூடச் சொல்ல வரவில்லை. உயிரோ உடலோ, பையன் இருப்பது நல்ல கையில்தான் என்று மட்டும் தோன்றியது. தோள் இறங்கியது. எறும்பு காதுக்குள் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது துறைமுகத்துப் பேருந்து தேவாலயத்துக்கு எதிரே நின்றது. தனக்கு இரண்டு மடங்கு பெரிய சட்டை போட்ட ஒருவன் இறங்கினான். துனாய். மோட்டார் நின்று, நீரோட்டம் இழுத்துப் போய், உபோலுத் தீவு மீனவர்கள் அவனைக் கண்டு இழுத்து வந்து, சாப்பாடு போட்டு, சட்டை கொடுத்துக் கப்பல் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

கூட்டம் வாயைப் பிளந்தது. போதகர் கத்த வாயெடுப்பதற்குள் துனாய் பாயைப் பார்த்துவிட்டான். பாய்க்கு வெளியே நீட்டியிருந்த கட்டை விரல் அப்பாவுடையது. அவன் முகம் வெளுத்தது. அப்பா யாரையோ கொன்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். அப்பன் பாய்க்குள் இருக்கும்போது மகன் வெளியே நிற்பது முறையில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல், தலையைக் குனிந்தபடி வந்து, மண்டியிட்டுத் தவழ்ந்து பாய்க்குள் புகுந்துகொண்டான்.

உலுங்கியா தன் சாமரத்தை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

பாய்க்குள் கிசுகிசுப்பு கேட்டது.

"யாரை அடிச்சீங்க?"

"யாரையும் இல்ல. பேசாதே. இதுக்குள்ள பேசக் கூடாது."

"யார்கிட்ட மன்னிப்பு கேக்குறேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"ஆண்டவர்கிட்ட. என் பையன் கடல்ல காணாமப் போயிட்டான். அதுக்குத்தான்."

"எந்தப் பையன்?"

"மூத்தவன். துனாய்."

பாயின் ஒரு மேடு மெல்ல இன்னொன்றின் பக்கம் திரும்பியது.

"அப்பா, நான்தானே அது?"

பாய் ஒருமுறை குலுங்கியது. கை ஒன்று உள்ளே தடவுவது வெளியிலிருந்தே தெரிந்தது. மூக்கு, காது, கழுத்து என்று அது இறங்கியது. பிறகு பாய் முழுவதும் விம்மத் தொடங்கியது. போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாங்கப்பா, வெளியே போகலாம். வேகுது."

"நாமளா எடுக்கக் கூடாதுடா. வீட்டுக்காரர்தான் எடுக்கணும்."

"அவர் எப்பவோ எடுத்துட்டார்ப்பா. நீங்கதான் விளிம்பைப் பிடிச்சுட்டு இருக்கீங்க."

அதற்குள் யாரோ சொல்லி, கடற்கரையிலிருந்து சலோமே ஓடி வந்தாள். பாயில் இரண்டு மேடுகள் தெரிந்தன. எது புருஷன், எது மகன் என்று பார்க்கவில்லை. இரண்டின் மேலும் ஓங்கி ஒவ்வொரு அடி வைத்தாள். பிறகு பாயை ஒரே இழுப்பில் இழுத்து வீசிவிட்டு இருவர் கழுத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

சபையார் அதிர்ந்து போனார்கள். "ஆண்டவர் விலக்க வேண்டிய பாயை நீ எப்படி விலக்கலாம்?" என்று கேட்டார் ஊர்த் தலைவர்.

சலோமே மூக்கைச் சிந்தினாள். "அவருக்கு ஆயிரம் வேலை. என்னை அனுப்பினார்" என்றாள்.