தார்ரோட்டில் காய்ந்த கொள்ளு

காய்ந்த கொள்ளுச் செடியின் மேல் பஸ் ஏறிப் போகும்போது சடசடவென்று ஒரு சத்தம் வரும். பின்னாலேயே சூடான தாரும் கொள்ளுத் தூசியும் கலந்த வாடை மூக்கில் ஏறி, கழுத்தெல்லாம் அரிப்பெடுக்கும். எழுபதுகளின் கடைசியில், வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், சாலையை ஒட்டினாற்போல எங்கள் வீடு. தை பிறந்துவிட்டால் அந்தச் சாலைதான் எங்களுக்குக் களம். பிடுங்கி வந்த கொள்ளைப் பாதிச் சாலையில் பரப்பிவிட்டால், மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம், போகிற வருகிற லாரிகளே அடித்துக் கொடுத்துவிடும். அது தப்பு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், "ரோடு என்ன அவங்கப்பன் ஊட்டு ரோடா?" என்று எங்கள் பெரியப்பா மல்லுக்கே நின்றிருப்பார்.

ஆனால் எல்லா டிரைவர்களும் தாமாகக் கொள்ளின் மேல் ஏற்ற மாட்டார்கள். சிலர் ஒதுங்கிப் போய்விடுவார்கள். அதனால் ஓரத்தில் ஒருவர் நின்று, "ஏத்தி ஓட்டுங்க சாமி!" என்று கை காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. அம்மா கையை வீசினால், அத்தனை பெரிய லாரியும் திரும்பி, கொள்ளின் மேல் ஏறிவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் அதட்டினாலே அழுகிற சிறுமியான எனக்கு, அம்மா லாரிகளையே ஆட்டி வைக்கிறாள் என்று தலைகால் புரியாத பெருமை.

சைக்கிள்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். செடி செயினில் சுற்றிக்கொள்ளும் என்பதால், இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆறுமுகமும் ஒரு நாள் அப்படித்தான் போனார். வெண்ணந்தூரில் குழித்தறி நெய்கிறவர், கேரியரில் நூல் மூட்டை. அப்போதுதான் ஒரு பஸ் கொள்ளை அரைத்துவிட்டுப் போயிருந்தது. எழும்பிய தூசி ஓரமாகப் போன அவரை மறைத்துவிட்டது. பின்னால் ஒரு லாரி வந்தது. அம்மா வழக்கம்போலக் கை காட்டினாள். டிரைவரும் வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினார். தூசி அடங்கியபோது ஆறுமுகம் சைக்கிளோடு லாரிக்கு அடியில் கிடந்தார், முழங்காலுக்குக் கீழே கால் ஒடிந்து.

அந்தக் காலத்தில் ஆளை இடித்த டிரைவர், அடிக்குப் பயந்து காட்டுவழியே ஓடிவிடுவதுதான் வழக்கம். இவர் ஓடவில்லை. ஆறுமுகத்தை அள்ளித் தூக்கி, எதிரே வந்த காரை மறித்து, என் அப்பாவைத் துணைக்கு ஏற்றி ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து நின்றார். அதற்குள் பெரியப்பா, "மொதல்ல கொள்ள அள்ளுங்க! போலீசு பாத்தா குடும்பத்தோட உள்ள வெச்சுப்போடுவாங்க!" என்று கத்த, அக்கம்பக்கத்துப் பெண்கள் விளக்குமாறும் கூடையுமாக ஓடிவந்து வாரித் தள்ளிவிட்டார்கள். அடிபட்ட மனிதரின் ரத்தம் காயவில்லை, இவர்கள் ரோட்டைக் கூட்டுகிறார்களே என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போலீஸ்காரர் வந்து பார்த்தார். "ஏன்யா, இத்தன பெரிய ரோடு காலியா கெடக்குது, ஓரத்துல போறவன தேடிப் போயா இடிப்ப?"

டிரைவர் ஒரு தடவை அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் தலையெல்லாம் கொள்ளுத் தூசி.

"கண்ணு அசந்துட்டனுங்கய்யா" என்றார்.

பட்டப்பகலில் கண் அசந்தாராம்! அம்மாவின் தலையிலும் லாரி டயரிலும் ஒட்டியிருந்த தூசி போலீஸ்காரர் கண்ணில் படவில்லையா, பட்டும் விட்டுவிட்டாரா, அதுவும் எனக்குத் தெரியாது. டிரைவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"நாந்தான் கை காட்டுனேன்னு சொல்லிப்போட்டு வந்தர்றனுங்க" என்று அம்மா சேலையை உதறிக்கொண்டு கிளம்பினாள். பெரியப்பா வாசலை மறித்தார்.

"நீ போய்ச் சொன்னா ஆறுமுகத்துக்கு என்ன கெடைக்கும்? தப்பு லாரி மேல இருந்தாத்தான் இன்சூரன்சு குடுப்பான். அந்த மனுசன் காலொடஞ்சு கெடக்கறான், நீ நாயம் பேசப் போறயா?"

அம்மா உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா சொன்னது ஆறுமுகத்தின் மேல் இருந்த கரிசனமா, ஜெயிலுக்குப் பயந்து கண்டுபிடித்த சாக்கா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். இரண்டும் இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். சில நாள் அவர் மேல் ஆத்திரமாக வரும்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஓவென்று அழுதாள். ஆறுமுகம்தான் தேற்றினார்.

"நீங்க கை காட்டுனத நானும் பாத்தனுங்க்கா. அட உடுங்க. எங்க ஊட்டுக் கொள்ளும் இன்னிக்கு அந்தப் பக்கம் ரோட்டுலதான் காயுது. நான் யாரைன்னு வையறது?"

அதைக் கேட்டதும் அம்மாவுக்கு அழுகை கூடித்தான் போனது. ஆறுமுகத்தின் கால் கூடிவந்தது, ஆனால் தறி மிதிக்க ஆகவில்லை. அவர் மனைவி குழியில் இறங்கி நெய்ய, அவர் மேலே உட்கார்ந்து நூல் சுற்றினார். இன்சூரன்ஸ் பணம் ரொம்ப நாள் இழுத்தடித்து வந்தது. டிரைவருக்கு லைசென்ஸ் போனது என்றார்கள். ஜெயிலுக்கே போனார் என்றும் சொன்னார்கள். விசாரிக்கப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று யாரும் விசாரிக்கவில்லை.

இப்போது அந்தச் சாலை அகலமாகிவிட்டது. கொள்ளு விதைப்பவர்களே குறைவு. இருக்கிறவர்களுக்கும் மெஷின் வருகிறது. நான் சேலத்தில் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். லேசாக உரசிவிட்டால்கூட, அடிபட்டவரைத் தூக்குவதற்கு முன்பே "உம்மேலதான் தப்பு" என்று ஆளாளுக்குச் சத்தம் போடுகிறோம், நானும் போடுகிறேன். பக்கத்து வீட்டு வக்கீலம்மாவிடம் பழைய கதையைச் சொன்னேன். இன்றைக்கு என்றால் குற்றத்தைப் பங்கு பிரிப்பார்கள் என்றார். ஒருத்தரே முழுக்க வாங்கிக்கொண்டு போனால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டதற்கு, அவர் சிரித்துவிட்டார்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். கோயிலுக்குப் போனால் பிள்ளைகள், பேரன் பேத்திகள், தவறிப்போன ஆறுமுகத்தின் பிள்ளைகள் என்று எல்லார் பெயருக்கும் அர்ச்சனை செய்வாள். முடிந்ததும், "இன்னொருத்தருக்குங்க" என்பாள்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா" என்று அர்ச்சகர் தட்டோடு காத்திருப்பார்.

அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கும் தெரியாது.

"லாரிக்காரருங்க, சாமி" என்பாள்.