ரசமட்டம் அக்கா

வாயில் ஏழெட்டு ஆணிகளைக் கவ்விக்கொண்டு, பில்லியர்ட்ஸ் மேசையின் விளிம்பில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் அக்கா. "ம்ஹூம், அந்தக் கால் அரை நூல் எறங்கியிருக்கு." மேசைக்காரர் நம்பாமல் ரசமட்டத்தை வைத்தால், குமிழியும் அதையே சொல்லும். அந்தக் கருவியின் பெயர் அக்காவுக்கே ஒட்டிக்கொண்டது.

மேசைக்குப் பச்சைத் துணி போர்த்துவது தொழில். முழங்காலில் ஒட்டுப் போட்ட பேன்ட், காதில் சாக்பீஸ். புதுத் துணியில் யாராவது டீ கிளாஸை வைத்தால் தொலைந்தார்கள். வாயில் ஆணிகளோடு பேசினால் அது வேலைப் பேச்சு; அவற்றை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால், ஜாக்கிரதை.

அக்காவின் வேலையில் பாதி ஒரு பழைய கிளப்பில்தான். அங்கே பெண்கள் உறுப்பினராக முடியாது, முன்வாசலில் நுழையக்கூடாது, ஆடும் கோலைத் தொடவும் கூடாது. இருபது வருடம் சமையலறை வழியாகப் போய்த் துணி போர்த்தி, பந்தைக் கையால் உருட்டிச் சோதித்துவிட்டுத் திரும்பினார். போன வருடம் நகரப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு அவர் மகள் தேறினாள். ஆட்டம் அதே கிளப்பில். வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். எதிராளி ஆடாமலே ஜெயித்தார்.

அக்கா ஆணிகளை வாயிலிருந்து எடுத்தார். "இனிமே அங்க என் கை படாது."

வீட்டுக்காரர் பதறிப்போனார். "நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கறதா? நீ போகலேன்னா கிளப்பு மூழ்கிடுமா?"

"மூழ்காது. என் பொண்ணை வராதேன்னு சொன்னவன் மேசையை நான் எதுக்கு நிமித்தணும்?"

கிளப் உறுப்பினரான பல் டாக்டர் நல்லவர். அவரும் வந்து, "உள்ள இருந்து பேசித்தாம்மா மாத்தணும்" என்றார்.

"நீங்க உள்ளதானே இருக்கீங்க டாக்டர்? எத்தனை வருஷமாப் பேசறீங்க?"

டாக்டர் மறுநாளே தன் கோலைத் தூக்கிக்கொண்டு கிளப்பைவிட்டு வெளியே வந்தார். அவர் பின்னாலேயே பதினோரு பேர்.

கிளப் வெளியூர் ஆளைப் பிடித்தது. மேசைத் துணியின் மெல்லிய இழைகள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். தடவிப் பார்த்துத் திசையறிந்துதான் போர்த்த வேண்டும். வந்த புண்ணியவான் ஆறு மேசையிலும் தலைமாடு கால்மாடாகப் போர்த்திவிட்டுப் போனார். ஆண்டுப் போட்டியில் மெதுவாக அடித்த பந்தெல்லாம் குழி வரைக்கும் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டன. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கிளப் செயலாளர் அக்காவின் வீட்டுப் படியேறினார். "நீங்க முன்வாசல் வழியாவே வாங்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எனக்கு மட்டும் தெறக்கற கதவு எனக்கு வேண்டாம் சார். விதியை மாத்திட்டுக் கூப்பிடுங்க."

மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். அக்கா அரை நூல்கூட இறங்கவில்லை. கடைசியில் ஓட்டுப் போட்டு விதியைத் தூக்கினார்கள். ஜெயித்தது அக்காதான், சந்தேகமென்ன! உறுப்பினர் பட்டியலில் ஏறிய முதல் பெண் அவர் மகள். டாக்டர் கூட்டமும் திரும்பி வந்தது.

போன வாரம் முன்வாசல் வழியாகவே நுழைந்தார் அக்கா. ஆறாவது மேசையும் முடிந்தது. மகளும் டாக்டரும் பார்த்துக்கொண்டிருக்க, செயலாளர் பழக்கதோஷத்தில் கையால் உருட்டிப் பார்க்கச் சொல்லி வெள்ளைப் பந்தை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. வாயில் மிச்சமிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சுவரிலிருந்து ஒரு கோலை உருவி, நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்து, மேசைமேல் குனிந்தார்.