நினைவு என்று பலகையில் எழுதினேன்

கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, செம்பாக்கத்தில் ஒரு கடையின் மாடியில் ஞாயிறுதோறும் மனத்தைப் பற்றிய தத்துவத்துக்கு அறிமுக வகுப்பு எடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் வேலை, குடும்பம் உள்ளவர்கள்.

முதல் நாள், "மனசு எங்கே இருக்கு, தொட்டுக் காட்டுங்க" என்றேன். எல்லோருடைய கையும் நெஞ்சுக்குப் போயிற்று. "மூளை?" கை தலைக்கு ஏறியது.

"அப்போ ரெண்டும் வேற வேறயா?"

பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த பஷீர் எழுந்தார். "வூட்ல சண்டைன்னா ரெண்டும் சேர்ந்தே படுத்துக்குது சார். ஒண்ணாத்தான் இருக்கணும்."

வகுப்பே சிரித்தது. அவரை எனக்கு அன்றே பிடித்துவிட்டது.

கான்ஷியஸ்னஸ் என்பதற்குப் பலகையில் 'நினைவு' என்று எழுதினேன். மயங்கி விழுந்தவரை "நினைவு திரும்பலை" என்கிறோமே, அந்த நினைவு. பிறகு ஒரு வாரம், நேற்றைய ஆளும் இன்றைய ஆளும் ஒருவரே என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற கேள்வி வந்தது. மெமரியை வைத்து என்பது ஒரு பழைய பதில். அதற்கும் 'நினைவு' என்றே எழுதினேன். இரண்டும் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் "நினைவு போனால் ஆள் இல்லை" என்ற வாக்கியம் பலகையில் அழகாக இருந்தது.

பஷீர் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டார்: "எங்க அத்தாவுக்கு மறதி நோய் சார். என்னையே தெரியலை. அப்போ அவரு எங்க அத்தா இல்லையா?"

"இந்தக் கொள்கைப்படி, இல்லை."

வகுப்பு அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பெருமையாக இருந்தது. எதிர்வாதங்களை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தேன், சஸ்பென்ஸ் இருக்கட்டும் என்று. அடுத்த வாரம் பஷீர் வரவில்லை. அதற்கடுத்த வாரங்களிலும் வரவில்லை. தாமதமாகத்தான் போன் செய்தேன். எடுத்தது அவர் மனைவி.

"எங்க மாமாவை இல்லைன்னு சொன்ன வாத்தியார் நீங்கதானா? வெள்ளிக்கிழமை ஆனா இவரு படப்பையில எங்க கொழுந்தனார் வூட்டுக்குப் போய் மாமாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டிவிட்டு வருவாரு. இப்போ போறதே இல்லை. கேட்டா, 'அங்க இருக்கிறது அத்தா இல்லை, சாரே சொல்லிட்டாரு'ன்றாரு. நாளைக்கு எனக்கு மறதி வந்தா என்னையும் கணக்குல இருந்து எடுத்துடுவாரா சார்?"

வந்த வெள்ளிக்கிழமை பம்மல் போய் பஷீரை அழைத்துக்கொண்டு படப்பைக்குப் பஸ் ஏறினேன்.

"ஒரே சொல்லை ரெண்டு அர்த்தத்துல எழுதிட்டேன் பாய். தெரிஞ்சேதான் எழுதினேன். தப்பு என்னுது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "போறப்பல்லாம் 'யாரு நீ'ன்னே கேட்டுக்கினு இருந்தாரு சார். நிறுத்த எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு. நீங்க குடுத்தீங்க."

தம்பி வீட்டில் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நகங்கள் நீண்டு அழுக்கேறியிருந்தன. பஷீர் முன்னால் போய் நின்றார்.

"யாரு?"

பஷீர் கீழே உட்கார்ந்து நகவெட்டியை எடுத்தார். பெரியவர் தானாகவே கையை நீட்டி விரல்களை விரித்தார். ஒரு விரல் முடிந்ததும் என்னைப் பார்த்துப் பேசினார்.

"இங்க ஒருத்தன் வருவான். அவன்தான் வெட்டுவான். இப்பல்லாம் வர்றதில்லை."

"யாருங்க அவர்?" என்றேன்.

"தெரியலையே." கொஞ்சம் யோசித்தார். பிறகு பஷீரிடம் குனிந்து, "அவனைப் பார்த்தா வரச் சொல்லுப்பா" என்றார்.

பஷீர் அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டார். "சொல்றேன் அத்தா."

இப்போது பலகையில் 'ஞாபகம்' என்று ஒரு பக்கமும் 'நினைவு' என்று மறுபக்கமும் தனித்தனியாக எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் இடம் விடுகிறேன். யாரென்று தெரியாமலே கையை நீட்டிய பெரியவரிடம் அன்று இருந்ததற்கு அங்கே ஒரு சொல் வர வேண்டும். அது எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாது என்றே வகுப்பில் சொல்கிறேன்.