பெரிய சிஸ்டரின் கட்டைவிரல்

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவர் மேலாளர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியில் அவள் முழுசாக உட்கார்ந்ததை அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. ஒரு காலை மடித்து மேலே வைப்பாள், உடனே இறக்குவாள், எழுந்து ஜன்னல்வரை போவாள், பாதி வழியில் ஏதோ உறைத்துத் திரும்பி ஓடிவந்து, நின்ற நிலையிலேயே கணினியில் நாலு வரி நிரல் தட்டுவாள். தட்டியது ஓடினால் மேஜைமேல் ஒரு குத்து. ஓடாவிட்டால் கொண்டையில் செருகியிருக்கும் பேனாவை உருவி மறுபடி அங்கேயே செருகுவாள்.

வீட்டிலும் அதே ஆட்டம்தான். கணவர் லிஃப்ட் மெக்கானிக், மனிதர் நேர் எதிர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினாலும், பெட்டியைத் திறந்து எந்த ஸ்பானர் என்று யோசித்துத்தான் எடுப்பார்.

"வீடு பத்தி எரிஞ்சாலும் நீங்க சட்டை பட்டன் போட்டுட்டுத்தான் வெளிய வருவீங்க" என்பாள்.

"ரெண்டு பேரும் ஓடிட்டா யாரு தண்ணி ஊத்தறது?" என்பார்.

அவள் புரோகிராமர் ஆனதே பொறுமை இல்லாததால்தான். கல்யாணத்துக்கு முன் ஒரு கூரியர் அலுவலகத்தில் முகவரி ஏற்றும் வேலை. ஒவ்வொரு பார்சலுக்கும் கணினி யோசித்து யோசித்து நின்றது. மற்றவர்கள் அந்த நேரத்தில் அரட்டை அடித்தார்கள். இவளுக்கோ உடம்பெல்லாம் அரித்தது. ஏன் நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று ரிப்பேருக்கு வந்தவரைத் துளைத்தெடுத்தாள். அவர் ஒரு மாலை நேரக் கணினி வகுப்பின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்தார். அங்கே தொடங்கியது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த இந்தச் சின்ன நிறுவனத்தில் மொபைல் ஆப் எழுதும் வேலை கிடைத்தது.

நிறுவனத்துக்குப் பெரிய வாடிக்கையாளர், வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் ஒரு கம்பெனி. நர்ஸ் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுவார், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார், அளவுகளை ஆப்பில் போட்டுச் 'சேமி' என்று அமுக்குவார். அது சர்வர் என்கிற மையக் கணினிக்குப் போய்ச் சேரும், டாக்டர் தன் இடத்தில் இருந்தே பார்த்துக்கொள்வார். அந்த நர்ஸ்களில் ஒருத்தி பம்பரத்தின் நாத்தனார். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அதனால் ஆப்பைப் பற்றிய புகார்கள் மின்னஞ்சலில் வருவதற்கு முன்னால் காபியோடு வந்துவிடும்.

"அண்ணி, 'சேமி'யை அமுக்கினா அப்படியே மரம் மாதிரி நிக்குது உங்க ஆப். என்ன தட்டினாலும் அசைய மாட்டேங்குது."

காரணம் அவளுக்குத் தெரியும். திரையை வரைவதும், விரல் பட்டதைக் கவனிப்பதும் மெயின் த்ரெட் என்கிற ஒற்றை ஆளின் வேலை. முன்பு இருந்தவர் எழுதிய நிரல், அந்த ஆளையே சர்வர் பதில் சொல்லும்வரை வாசலில் நிறுத்திவைத்தது. பிறகு உள்ளே யார் கூப்பிட்டால் என்ன, கேட்க ஆள் ஏது?

மேலாளரிடம் அவகாசம் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் கோரூட்டீன்களாக மாற்றி எழுதினாள். கோரூட்டீன் என்றால், காத்திருக்க வேண்டிய இடம் வந்ததும் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வேலை. பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவரை மெயின் த்ரெட் தன் பாட்டுக்கு மற்றதைப் பார்க்கும். பழைய முறையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்குப் பிடித்துக் கிடந்த நிரல், இப்போது மேலிருந்து கீழே நேராக வாசிக்கிற மாதிரி ஆனது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடித்து, மடிக்கும்போதே மகளின் கணக்கைத் திருத்துகிறவளுக்கு இது பிடிக்காமல் போகுமா?

ஒவ்வொரு கோரூட்டீனும் யாராவது ஒருவரின் பொறுப்பில்தான் ஓட வேண்டும். அந்தப் பொறுப்புக்கு ஸ்கோப் என்று பெயர். அவள் எல்லா வேலைகளையும் அந்தந்தத் திரையின் பொறுப்பில் விட்டாள். திரையை மூடினால் அதன் வேலைகளும் கூடவே ரத்தாகிவிடும். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் ஓடிப்போய் அணைக்கிறவள் அவள். இந்த ஏற்பாடு அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. ரத்தான வேலைகள் பிழைப் பட்டியலில் வந்து குவிந்து கண்ணை உறுத்தின. இதெல்லாம் பிழையே இல்லையே என்று, அவற்றைக் காட்டாமல் விடும்படி ஒரு வரி சேர்த்தாள். பட்டியல் துடைத்துவைத்ததுபோல ஆனது.

புது ஆப் போனதும் நர்ஸ்கள் கொண்டாடினார்கள். "வெண்ணெய் மாதிரி போகுது அண்ணி" என்றாள் நாத்தனார். மேலாளர்கூட ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. நாத்தனார் உள்ளே வரும்போதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உங்க ஆப் எங்ககூட வேலை பார்க்கிற பெரிய சிஸ்டரை வீட்டுக்கு அனுப்பிடுச்சு அண்ணி."

"ஆப் எப்படிம்மா அனுப்பும்?"

"போகாத வீட்டுக்குப் போனேன்னு பொய் சொல்றாங்கன்னு கம்பெனி வேலைய விட்டு நிறுத்திடுச்சு. சர்வர்ல ஒண்ணுமே இல்லையாம்."

"நோயாளிங்ககிட்ட கேட்டாங்களா?"

"ஒருத்தருக்குப் பக்கவாதம், பேச்சே வராது. இன்னொருத்தங்க வீட்டுல பையன் காலைல போனா சாயங்காலம்தான் வருவான். நர்ஸ் வருவாங்க, என்னிக்கு வந்தாங்கன்னு தெரியாதுங்கறான். முன்னாடி ஆஸ்பத்திரில நானும் பெரிய சிஸ்டரும் ஒரே வார்டுல கிடந்து உழைச்சிருக்கோம் அண்ணி. அவங்களுக்குப் பொய்யே வராது."

"அமுக்க மறந்திருப்பாங்க. வயசாச்சுல்ல" என்று வாய் தவறிச் சொன்னாள் பம்பரம்.

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்களைவிட நாலு வயசுதான் அவங்களுக்குக் கூட" என்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்ளாமல்கூட இறங்கிப் போனாள்.

அன்று முழுக்கப் பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். மறுநாள் அலுவலகத்தில் ஆப்பைப் பாடாய்ப் படுத்தினாள். வேகமாக அமுக்கினாள், மெதுவாக அமுக்கினாள், பழைய போன், புதுப் போன் எல்லாம் பார்த்தாள். எல்லாப் பதிவும் சர்வருக்குப் போய் நின்றது.

"நம்ம பக்கம் சுத்தம். விட்டுத்தொலைம்மா" என்றார் மேலாளர்.

விட முடியவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டு, "ஒருநாள் உன்கூட நானும் வர்றேன்" என்றாள். "வாங்க. ஆனா வீட்டுல யாரையும் எதுவும் கேட்காதீங்க" என்று பதில் வந்தது.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனாள். ஒரு வீட்டில் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றினார்கள். இன்னொரு வீட்டில், திரைச்சீலை போட்டு இருட்டாக்கிய அறையில், ஒரு வாத்தியார் தன் சர்க்கரை அளவைத் தானே அறிவித்துவிட்டு அப்புறம்தான் விரலை நீட்டினார். நாத்தனார் ஒவ்வொரு தடவையும் 'சேமி'யை அமுக்கி, பச்சை அடையாளம் வரும்வரை பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்துவைத்தாள். எல்லாம் ஒழுங்காகப் போனது. பம்பரத்துக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

"பெரிய சிஸ்டர் வீடு எங்கே?" என்று கேட்டாள்.

நாத்தனார் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். வண்டியைத் திருப்பினாள்.

பெரிய சிஸ்டர் ஜன்னல் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாமல் வீட்டில் இருந்து பழக்கமில்லாதவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"இவங்கதானா ஆப் எழுதினவங்க? என்ன, நான் பொய் சொல்றேனான்னு பார்க்க வந்தீங்களா?"

"இல்லக்கா. நீங்க எப்படிப் பதிவு பண்ணுவீங்கன்னு பார்க்கணும். ஒரே ஒரு தடவை."

"அதுல பார்க்க என்ன இருக்கு?" கையைத் துடைத்துக்கொண்டு, பம்பரம் கொண்டுவந்த சோதனைப் போனை வாங்கினார். எண்களைக் கடகடவென்று போட்டார். கட்டைவிரல் 'சேமி'யில் விழுந்தது. தூக்கிய சூட்டோடு அதே விரல் கீழே இருக்கும் பின்செல்லும் அம்புக்குறியிலும் விழுந்தது. போன் பாக்கெட்டுக்குள் போயிற்று. எல்லாம் ஒரே இழுப்பில்.

"இருங்க" என்றாள் பம்பரம். "பின்னாடி போறதை ஏன் அமுக்கினீங்க?"

"வேலை முடிஞ்சா வெளிய வர வேண்டாமா? எப்பவும் அப்படித்தான். முன்னாடி அது மரம் மாதிரி நிக்கும், நான் அமுக்கிட்டுப் பையில போட்டுட்டு நடையைக் கட்டுவேன். அது பாட்டுக்கு அனுப்பிட்டு மூடிக்கும்."

பம்பரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய ஆப் உறைந்து நின்றதே இவரைக் காப்பாற்றியிருக்கிறது. அது உறைந்திருந்தபோது பின்செல்லும் விரலைக் கவனிக்க ஆளில்லை. பதிவு போய்ச் சேர்ந்த பிறகுதான் திரை மூடியது. இப்போது எல்லாமே வெண்ணெய். விரல் பட்ட உடனே திரை மூடுகிறது. திரை மூடினால் அதன் பொறுப்பில் ஓடிய வேலையும் ரத்து. அலுவலகத்தில் நெட்வொர்க் வேகமாக இருந்ததால் பதிவு முந்திக்கொண்டது. தடித்த சுவர்கள் சிக்னலைத் தடுக்கும் வீடுகளில் விரல் முந்திக்கொண்டது. ரத்தானதைச் சொல்ல வேண்டிய பட்டியலையோ அவளே வாயடைத்து வைத்திருந்தாள்.

"அக்கா, தப்பு ஆப்போடது. என்னோடது" என்றாள்.

பெரிய சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

அதுவும் நியாயம்தான். பம்பரம் படிக்கட்டில் இறங்கும்போதே நர்ஸ் கம்பெனியின் நிர்வாகிக்குப் போன் போட்டாள். மேலாளரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வந்தபோது பாதிக்கு மேல் சொல்லிமுடித்திருந்தாள். மீதியையும் சொல்லிவிட்டாள்.

மேலாளர் கத்திய கத்தலில் கீழே டயர் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். "சத்தமில்லாம ஒரு அப்டேட்ல சரி பண்ணியிருக்கலாமேம்மா! யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்த அம்மா வீட்டுல உட்கார்ந்து கம்பியைத் தேய்ச்சுட்டு இருக்காங்க சார்."

"இப்ப நாமளும் தேய்க்கப்போறோம்!"

ஆனாலும் திருத்தத்துக்கு அவளையே உட்காரவைத்தார், வேறு ஆளும் இல்லை. இந்தத் தடவை பதிவை முதலில் போனிலேயே எழுதிவைத்தாள். அனுப்பும் வேலையைத் திரையின் பொறுப்பிலிருந்து எடுத்து, ஆப் மூடினாலும் போன் தானே நினைவு வைத்திருந்து செய்யும் பின்னணி வேலையாக்கினாள். ரத்தாகிறவை எல்லாம் மறுபடி பட்டியலில் தெரியும்படி செய்தாள். அலுவலக நெட்வொர்க்கை இனி அவள் நம்பத் தயாராக இல்லை.

"என்னங்க, சிக்னல் சுத்தமா செத்துப்போற இடம் எது?"

"லிஃப்டு" என்றார் கணவர்.

அவர் பராமரிக்கும் ஒரு கட்டடத்தில், மதிய நேரத்தில் அவளை இரும்புக் கூண்டுக்குள் விட்டுக் கதவை மூடினார். உள்ளே பெரிய சிஸ்டர் மாதிரியே ஒரே இழுப்பில் அமுக்கினாள். கதவு திறந்ததும் பாய்ந்துவந்து, அவருடைய கருவிப் பெட்டிமேல் வைத்திருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். பதிவு வந்திருந்தது. ஆனால் ஒன்றுக்கு இரண்டாக. கதவு திறந்தபோது கிடைத்த அரைகுறை சிக்னலில் சர்வரின் பதில் வழியில் தொலைந்ததும் போன் மறுபடி அனுப்பியிருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் தள்ளிவிடும்படி ஏற்பாடு செய்தாள்.

காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் வந்து நின்றார். "லிஃப்ட் இன்னும் சரியாகலையா?"

"லிஃப்ட் நல்லாத்தாம்மா இருக்கு. போன்தான் ரிப்பேர்" என்றார் அவர். பிறகு மனைவியிடம், "இன்னொரு தரமா? ஏறு" என்றார். அந்த அம்மாளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் மாடியில் கதவு திறந்து அந்த அம்மாள் இறங்குவதற்குள், கையோடு கொண்டுவந்த லேப்டாப்பில் ஒரே ஒரு பதிவு ஒழுங்காக வந்து சேர்ந்தது. பம்பரம் கூண்டின் சுவரில் ஒரு குத்து விட்டாள். அந்த அம்மாள் பயந்துபோய்ப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பெரிய சிஸ்டரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை இல்லாமல், வாருங்கள் என்று மட்டும் தகவல் போனது. அவர் போனார். தொலைந்த பதிவுகள் தொலைந்தவைதான், அவற்றை யாராலும் மீட்க முடியவில்லை. நர்ஸ்கள் எல்லோர் முன்னாலும் என்ன நடந்தது என்று சொல்லும்படி பம்பரத்தைக் கூப்பிட்டார்கள். அவள் நின்றுகொண்டே, இல்லை, நடந்துகொண்டே சொன்னாள். பெரிய சிஸ்டர் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் பக்கத்தில் வந்து, "இனிமே ஏதாச்சும் சரியில்லன்னா யாரைக் கேட்கணும்?" என்றார். பம்பரம் தன் எண்ணைக் கொடுத்தாள். அவர் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து, எழுத்து சின்னதாக இருக்கிறது, பேட்டரி குறைகிறது என்று நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டார். அவளும் எடுத்தாள்.

நாத்தனார் ஒரு மாதம் போலப் பட்டும்படாமலும் இருந்தாள். பிறகு ஒருநாள் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பையோடு வந்து, எதுவும் நடக்காத மாதிரி அடுக்களைக்குள் நுழைந்தாள்.

நர்ஸ் கம்பெனி தன் அடுத்த வேலையை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. மேலாளர் அதைச் சொன்னபோது அவளைப் பார்க்காமல் சொன்னார். அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அந்தப் போனை அன்று போடாமல் இருந்திருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பிறகு தண்ணீர் லாரிகளை முன்பதிவு செய்யும் ஒரு ஆப் வந்தது. மேலாளர் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து விளக்க ஆரம்பித்தார்.

"சார், லாரிக்காரங்க எங்கே நிறுத்துவாங்க?" என்று குறுக்கே கேட்டாள்.

"பெரிய குழாய்ப் பக்கம். ஏன்?"

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் சோதனைப் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.