கேமராவை மறைக்காத மரங்கள்

தாட்சாயணிக்கு அறுபத்திரண்டு வயது. புத்தலப்பட்டில் மாடும் மாந்தோப்புமாக வாழ்ந்தவளை, மகன் யஸ்வந்த் அலிபிரிப் பக்கம் வீடு கட்டிக் குடிவைத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டான். போகும்போது வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று என்று கேமரா மாட்டிவிட்டுப் போனான். அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. அவன் அப்பா மோட்டார் கொட்டகையில் விழுந்து, ஒரு பகல் முழுக்க யார் கண்ணிலும் படாமல் கிடந்து செத்தவர்.

ஆனால் இவள் பாடு யாருக்குத் தெரியும்? கோடையில் முந்தானையை விலக்கி வியர்வை துடைக்க முடியாது. கொண்டையை அவிழ்த்துப் போட்டுக் காலை நீட்ட முடியாது. தரையில் உட்கார்ந்தால் போதும், மயக்கமா என்று போன் வந்துவிடும். பெற்ற பிள்ளையே ஆனாலும் பார்க்கிறவன் பார்க்கிறவன்தானே. அழுகை வந்தால் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

தோட்டத்து மரங்களையும் அவனே அங்கிருந்து தேர்ந்தெடுத்தான். சுவரோரம் தூண் போல ஏறும் நெட்டிலிங்கம், முன்னால் ஒற்றைத் தண்டோடு நிற்கும் ராயல் பாம். பரவுகிற மரம் கூடவே கூடாதாம். அமெரிக்கத் துரை மரத்தின் அழகைப் பார்த்தா சொன்னார், கேமராவுக்கு வழி விட்டல்லவா சொன்னார்!

சித்தூர் ரோட்டு நர்சரிக்காரர் இஸ்மாயில் கன்றுகளோடு வந்தபோது, கிளை தரையைத் தொடுகிற மரம் ஏதாவது உண்டா என்று மெல்லக் கேட்டாள். அவர் குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். குடை போல விரிவது வாதாம், பந்து போலத் திரள்வது மகிழம். கவிழ்த்த கூடை ஒன்றையும் வரைந்தார்.

"இது சப்போட்டாம்மா. அடிக் கிளைய வெட்டாம வுட்டா, உள்ள ஆள் இருந்தாலும் தெரியாது."

"அது ஒண்ணு வைப்பா," என்றாள். லீவில் வரும் பேத்தி ஹரிதாவுக்குப் பழம் ஆகும் என்று மகனிடம் சொன்னாள். இடுப்புயரக் கன்றைப் பார்த்து அவனும் சரி என்றான்.

ஐந்து வருடம் அடிக்கிளையில் யாரையும் கை வைக்க விடவில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம், கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தாள். கொண்டையை அவிழ்த்தாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், காலை நீட்டினாள். அப்பாடா என்றிருந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது.

"எங்கம்மா இருக்க? மூணு கேமராவுலயும் காணோம்." யஸ்வந்தின் குரல் நடுங்கியது. "நைனா மாதிரி நீயும் எங்கயாச்சும் வுழுந்து கெடக்கறியோன்னு..."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ பாக்காத எடத்துல செத்த நேரம் குந்திக்கினு இருக்கேன்டா. அதுகூட கூடாதா?"

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவைத் தூக்கியபோதும் அவன் இப்படித்தான் சத்தமில்லாமல் அழுதான். இதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும்? வெளியே வந்து கேமராவுக்கு நேராக நின்றாள்.

மறுநாள் இஸ்மாயிலை வரவழைத்து அடிக்கிளையை வெட்டச் சொன்னாள். இவ்வளவு நன்றாக வந்த மரத்தின் வடிவத்தைக் கெடுக்கலாமா என்று அவர் கடிந்துகொண்டார். பிறகு ரம்பத்தை எடுத்து, எவ்வளவு வெட்டட்டும் என்று கேட்டார்.

"கீழ ஒரு மொழம் போதும். நான் உள்ள குந்தினா காலு மட்டும் வெளிய தெரியணும். ஆடுதா இல்லையான்னு அவன் பாத்துக்கட்டும்."